இயர்பட்ஸில் வலது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், மனசளவில் ஒருத்தரும் நலமில்லை. உன் நலத்தைக் கேட்கலாம் என்றால் நீ போனை எடுத்தால்தானே. எடுத்தாலும் வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. மெசேஜ் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டுகிறாய். பெற்றவளுக்குக் கட்டைவிரல். அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன், காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்டிவிட்டு நகர முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். உன் அப்பாவைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இதில் இருக்கிறது, அது கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் நிறைய அழுக்கு வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியவன் வந்தான். உன் அண்ணன் எதற்கு வருவான் என்று உனக்குத் தெரியும், எதையாவது எடுத்துக்கொண்டு போக வருவான், இந்தத் தடவை டிரில்லிங் மெஷின். ஆனால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டும் கிளம்பாமல், கொடுத்த டீயையும் தொடாமல், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா, வீட்டில் சண்டையா என்று கேட்டேன், அவ்வளவுதான், வெடித்துவிட்டான். நீயே அவனிடம் சொன்னாயாம், உன் கம்பெனியில் உன் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்களாம். நீ வேலையில்லாமல், முகம் தெரியாத பெண்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடக்கிறாயாம். போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமாப்பா என்று கேட்டாயாம். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா, இங்க வைக்க எடமே இல்ல, நீ பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாராம். எனக்கு வந்த அருவருப்பை எழுத்தில் எழுத முடியாது. வைக்க இடமில்லை என்று சொல்ல நீ என்ன பீரோவா? பெற்ற பெண் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டே அப்படிச் சொல்வானா? உன் அண்ணன் மேலும்தான் அருவருப்பு, இதை இத்தனை நாளாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறான், மெஷின் வாங்க வந்த இடத்தில் சில்லறை மாதிரி எடுத்துப் போடுகிறான். உன் மேலும் கோபம்தான், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா அப்போது குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவன் அவரையே நேராகக் கேட்டான். அவருக்கு முகம் வெளுத்துப்போனது. எம்பொண்ணு வரேன்னு சொல்லி நான் வேணாம்னு சொல்லுவேனா, யாருகிட்ட என்ன பேசறே என்று கத்தினார். அப்படியென்றால் அவ பொய் சொல்றாளா என்று இவன் கத்தினான். ஒருத்தன் கையில் டிரில்லிங் மெஷின், ஒருத்தர் இடுப்பில் துண்டு, பார்க்க நன்றாக இருந்தது போ. கடைசியில் அவர் சத்தத்தைத் தணித்துக்கொண்டு, அன்னிக்குப் பேச்சு நடுவுல இடது பக்கத்து இயர்பட்ஸ் நின்னு போச்சு, பேட்டரி கொஞ்சம் வீக்கா இருக்கு, அதான் சரியாக் கேக்கல என்று முனகினார். நின்று போனால் என்ன, இன்னொன்று இருந்ததே என்று நான் கேட்டேன். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவன் டீயைக் குடிக்காமலே போய்விட்டான், மெஷினை மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் உன்னோடு எப்படிப் பேசுவோம் என்று உனக்குத் தெரியாது, குரல் மட்டும்தானே உனக்கு வருகிறது. வீடு துடைக்கிற வாளிக்குள் உன் அப்பா போனைத் தவறவிட்டதிலிருந்து அதன் ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது, நீ அனுப்பிய இயர்பட்ஸில்தான் எல்லாம். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம், இடது அவர் காதில், வலது என் காதில். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், ஒரு நாள்கூட மாற்றிக்கொண்டதில்லை. மாற்றிக்கொள்ளவும் நான் சம்மதிக்கமாட்டேன், என்னுடையதை ஒவ்வொரு தடவையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைப்பேன், அவருடையதை அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. பட்டறையிலும் நாள் முழுக்க அந்த இடதை மாட்டிக்கொண்டுதான் கல் அறுக்கிறார், செய்தி கேட்கிறாராம். நீ அழைத்த அந்தச் சனிக்கிழமை கிளினிக்கில் கடைசியாக வந்த ஆள் பல்லைப் பிடுங்கியதும் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார், அவரை எழுப்பி உட்காரவைத்து, வாந்தியை அள்ளி, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வேகவைத்துவிட்டு நான் வர நேரமாகிவிட்டது. அதனால் உன் அப்பா இரண்டையும் தானே மாட்டிக்கொண்டு உன்னோடு தனியாகப் பேசியிருக்கிறார். நான் வந்து என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, நல்லா இருக்கா, எப்பவும் போலத்தான் என்றார். எப்பவும் போலவாம்.

பேட்டரி மேல் பழி போட்டுத் தப்பிக்கிற ஆளிடம் பேசிப் பயனில்லை, பேட்டரியைப் பார்த்துவிடலாம் என்று இயர்பட்ஸ் வைக்கிற டப்பாவைத் திறந்தேன். அம்மாடி. நான் யார் என்று உனக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன், ஊரார் வாயிலிருந்து வருகிற ரத்தம், சீழ், சொத்தைப்பல் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவள். நானே டப்பாவைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். இடதின் வலைமேல் காது அழுக்கும் கல் தூசியும் குழைந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி குழைந்து, சிமென்ட் பூசிய மாதிரி ஒரு படிவு. ரப்பர் தொப்பியைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாக ஒரு வளையம். டப்பாவின் குழிக்குள் பித்தளைப் புள்ளி மாதிரி இரண்டு இருக்கும் இல்லையா, சார்ஜ் ஏறுகிற இடம், அது இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு முடி வேறு. யாருடைய முடி என்று நான் ஆராயவில்லை. இதையா மனுஷன் காதில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைத்ததும் தோளையே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அன்று சாயங்காலமே அவரையும் இழுத்துக்கொண்டு முனையில் இருக்கிற போன் ரிப்பேர்காரனிடம் போனேன். அவனை இங்கே எல்லோரும் ஊதுகுழல் என்றுதான் கூப்பிடுவார்கள், எதைக் கொடுத்தாலும் முதலில் வாயால் ஊதிப் பார்ப்பான். உன் அப்பாவுக்கு அவன்மேல் டாக்டர்மேல் இல்லாத நம்பிக்கை. போனதும் டப்பாவை வாங்கினான், இடதை எடுத்தான், உதட்டருகே வைத்து எச்சில் தெறிக்க ஊதினான், பேண்ட்டில் தேய்த்தான், அப்புறம் நான் தடுப்பதற்குள் தன் காதிலேயே செருகிக்கொண்டான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, எடுத்து, அதே கையோடு உன் அப்பாவிடம் நீட்டினான், இவரும் வாங்கிக் காதில் வைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். அது மேஜைக்கு அடியில் உருண்டுபோனது, அங்கேயும் என்ன சுத்தமா வாழ்கிறது, அந்த மேஜைக்கு அடியில் யாரோ துப்பிய சூயிங்கம். கடையில் நின்ற ஒருத்தருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வாந்தி வந்தது.

ஆனால் அந்த ஊதுகுழல் சொன்னது உபயோகமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இவ்வளவு சின்ன சாமானைப் பிரித்துப் பேட்டரி மாற்ற முடியாதாம், ஒட்டி மூடிவிடுவார்களாம், ஸ்க்ரூவே கிடையாதாம். பச்சை விளக்கு எரிவதை வைத்து நல்லா இருக்கு என்று நினைக்கக்கூடாதாம், அது டப்பாவின் சார்ஜைத்தான் காட்டுமாம். போனில் இரண்டுக்கும் தனித்தனியாக சதவீதம் வரும், அதைப் பார்க்கணும், ஆனால் வயசான பேட்டரி அதிலும் பொய் சொல்லுமாம், அறுபது இருக்கு என்று காட்டிக்கொண்டே இருந்து பட்டென்று அணைந்துவிடுமாம். அதனால் புள்ளிகளைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டையும் நூறு ஏறும்வரை வைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, ஒரே சத்தத்தில் ஒன்றையே ஓடவிட்டு, எது எப்போது அடங்குகிறது என்று காத்திருந்து பார்க்கணும், அதுதான் நிஜமான பரிசோதனை என்றான். ஒத்தை காதிலேயே மாட்டுவீங்களா சார், அந்தப் பக்கம்தான் முதல்ல போகும் என்றும் சொன்னான். உன் அப்பா சட்டென்று வெளியே தெருவைப் பார்த்தார். அப்போது நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

கிளினிக்குக்கு விடுமுறையாக இருந்த நாளில், போனையும் டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பட்டறைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கையுறை மாட்டிக்கொண்டேன், சிரிக்காதே. பஞ்சு, ஸ்பிரிட், தேய்ந்துபோன ஒரு மெல்லிய பிரஷ். வலையை மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே போய்விடும் என்று கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு துளித்துளியாக உரித்தேன், உரித்ததைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன், அந்தக் குப்பையையும் உடனே வெளியே கொண்டுபோய் வைத்தேன். ரப்பர் தொப்பியை வெந்நீரில் ஊறவைத்தேன், வந்த தண்ணீரின் நிறத்தைச் சொல்லமாட்டேன். சார்ஜ் புள்ளிகள் தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தன, ஒரு நிமிஷம் அழுக்குதான் காரணம் போலிருக்கிறது, சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன். இரண்டும் நூறு காட்டியது. எடுத்து ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதை ஓடவிடுவது என்று யோசித்து, நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையே போட்டுவிட்டேன், ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், சேர்ந்தும் நிறையக் கிடக்கிறது, சின்ன விஷயத்தைக்கூட நீ சுற்றி வளைத்துத்தானே சொல்வாய். தட்டிலிருந்து எறும்புக்குரல் மாதிரி உன் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது, நான் பாத்திரம் கழுவப் போனேன்.

கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் வலது கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, இடது பாதிக்கு வந்துவிட்டது. துணியை மடிக்க உட்கார்ந்தேன், துண்டுகள் முடிந்து சட்டைகளுக்கு வருவதற்குள் இடது அணைந்தே போனது, அணைகிற வரைக்கும் நாற்பதோ என்னவோ காட்டிக்கொண்டிருந்தது, பொய்யன். வலது இருக்கிறதே, நான் மடித்து அடுக்கி, தரை துடைத்து, சமைத்து, கண்ணயர்ந்து எழுந்து வந்த பிறகும் நீ அதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாய். எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. சரி, உன் அப்பா சொன்னதில் பாதி உண்மை, இடது வீக்காகத்தான் இருக்கிறது, நடுப்பேச்சில் நின்றிருக்கும். ஆனால் மீதிப் பாதி? வலது அன்றைக்கு அவர் காதிலேயேதான் இருந்தது, அது நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நீ சொன்னது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் இடமில்லை என்று சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டு என்னிடம் எப்பவும் போலத்தான் என்று புளுகியிருக்கிறார், மகன் முகத்துக்கு நேராகக் கத்தியிருக்கிறார். அந்தச் சாயங்காலம் எனக்கு வந்ததுதான் நிஜமான அருவருப்பு, காது அழுக்கெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இவரோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று இருந்தது. அவர் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவன் வீட்டுக்குப் போய்விடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

வந்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் கல் மாவு. குளிக்கக்கூட விடவில்லை, உட்காருங்கள் என்றேன். இடது செத்துப்போச்சு, வலது நல்லாத்தான் இருக்கு, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று வலதைக் கொண்டுபோய் அவருடைய வலது காதில் நானே செருகினேன். உன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. எது தெரியுமா, இந்த இயர்பட்ஸை அனுப்பியபோது நீ பேசியது. அப்பா, மெஷின் சத்தத்துல நான் அனுப்பறது எதுவும் கேக்கலன்னு சொன்னீங்கல்ல, இது உங்களுக்குத்தான், இனிமே நான் சொல்றது நல்லாக் கேக்கும் என்று சொல்வாயே, அது. கேட்கிறதா என்றேன். தலையை ஆட்டினார். நல்லாக் கேட்கிறதா என்றேன். நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது என்றார். போனை எடுத்துச் சத்தத்தை முழுக்க ஏற்றினேன், எதிரில் நின்ற எனக்கே உன் குரல் கேட்டது. யார் பேசறாங்க, என்ன சொல்றாங்க என்று கேட்டேன். உன் அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "செய்திதானே, நாளைக்கு மழை வருமாம்" என்றார்.

நீ அவர் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தாய். அவர் மழை வருமாம் என்றார்.

நான் அதைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வலது காதைத் தொட்டுக் காட்டி, "அந்தக் காது போய் ரொம்ப நாளாச்சு" என்றார். கல் அறுக்கிற மெஷினின் பிளேடு எப்போதும் அவருக்கு வலது பக்கம்தான், அந்த அலறல் முழுக்க அந்தக் காதுக்குத்தான் போயிருக்கிறது. காதை மூடிக்கொள்ள முதலாளி கொடுத்த உறையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், அதன்மேல் தன் சட்டையைத் தொங்கவிடுவாராம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாள் சுத்தமாக நின்றுவிட்டதாம். எனக்குத் தெரிந்தால் பட்டறைக்குப் போக விடமாட்டேன் என்று மறைத்தாராம். சோபாவில் எப்போதும் என்னைத் தன் இடது பக்கம் உட்காரவைத்துக்கொண்டது, தெருவில் நடக்கும்போது சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் சேர்ந்துகொண்டது, அதெல்லாம் பிரியம் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், கண்றாவி. அந்தச் சனிக்கிழமை இடது நின்றதும் அவருக்கு ஒரே நிசப்தம். வலதைக் கழற்றி இடது காதில் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும், அந்தப் பதட்டத்தில் அது தோன்றவில்லை. என்னம்மா சொன்னே என்று திருப்பிக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்து, விட்டு விட்டு ம், சரிம்மா, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நீ எவ்வளவு நேரம் உன் கஷ்டத்தைச் சொன்னாயோ, அவ்வளவு நேரமும் அவர் காற்றுக்கு ம் கொட்டியிருக்கிறார். போனை வைக்கிற நேரம் ஆகியிருக்கும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு, நீ எப்போதும் கடைசியில் கேட்பாயே, ஏதாவது அனுப்பட்டுமாப்பா என்று, அதைத்தான் கேட்டிருப்பாய் என்று நினைத்து, எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லியிருக்கிறார். ஒண்ணும் வேணாம்மா, இங்க வைக்க எடமே இல்ல. யோசித்துப் பார், நீ எது அனுப்பட்டுமா என்று கேட்டாலும் அதே வார்த்தைதானே அவர் சொல்வார்.

நான் அவருடைய இடது பக்கம் போய் நின்று, அன்றைக்கு நீ கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமாப்பா. பெரியவன் கத்தியபோதுகூட அந்த வார்த்தைகள் அவர் காதில் முழுசாக விழவில்லையாம், வலது பக்கம் நின்றுகொண்டு கத்தியிருக்கிறான், நீ வருவதைப் பற்றி ஏதோ என்று மட்டும் புரிந்ததாம். இப்போது கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா, எழுந்து உன் அறைக்குப் போனார். உன் அறை எப்படி இருந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. நீ அனுப்பிய ஒவ்வொரு சாமானின் அட்டைப்பெட்டியும் அங்கேதான், மிக்சி பெட்டி, ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினின் பெட்டி, செருப்புப் பெட்டி, தெர்மோகோல், குமிழ் குமிழாக இருக்கிற பிளாஸ்டிக், ஒன்றைத் தூக்கிப் போட விடமாட்டார், எம்பொண்ணு அனுப்புனது என்பார். கட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இடமில்லை என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை போ. அந்த மனுஷன் குளிக்காமல், சாப்பிடாமல், கல் மாவு உதிர உதிர, ஒவ்வொரு பெட்டியாகக் காலால் மிதித்துத் தட்டையாக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டார். உள்ளே என்ன இருந்தது என்று கேள், கரப்பான் குஞ்சுகள், செத்த பல்லி ஒன்று, எலி ஒன்று குடித்தனமே நடத்தியிருக்கிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பினாயில் ஊற்றிக் கழுவியவள் நான்தான். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், முகமெல்லாம் மாவாக இருந்ததால் கோடு விழுந்திருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளிருந்து எடுத்துக் காட்டியதை நான் பார்த்திருக்கக்கூடாது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதை எடுத்த பிறகும் வலது திரும்பவில்லை, அது போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார், இடதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பட்டறை முதலாளிக்கு நானே போன் செய்து, உறை போடாமல் மெஷினைத் தொட்டால் நான் அங்கே வந்து நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன், இப்போது போடுகிறாராம், சட்டைக்கு வேறு ஆணி அடித்துக்கொண்டாராம். இயர்பட்ஸில் இடதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வலதை இப்போது அவருடைய இடது காதில் வைத்துக்கொள்கிறார், பொருந்தாமல் விழுந்து விழுந்து போகிறது, கையால் பிடித்துக்கொள்கிறார். நான் தினமும் துடைத்துத் தருகிறேன், தினமும் குமட்டுகிறது. புதிது அனுப்பட்டுமா என்று நீ கேட்பாய், அவர் சொன்னதையே எழுதுகிறேன். "ஒண்ணும் அனுப்ப வேணாம்னு எழுது. எடம் இருக்கு, அவ வரட்டும்."

இப்போது உன்மேல் இருக்கிற கோபம். அவர் அப்படிச் சொன்னார் என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கவேண்டாமா, வாயை மூடிக்கொண்டு அங்கே சுருண்டு கிடப்பாயா? காது போனதை மறைக்கிறவருடைய பெண், வேலை போனதை மறைக்காமல் என்ன செய்வாள், இரண்டு பேரும் ஒரே அச்சு, எனக்கு இரண்டு பேரையும் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டில் கிடக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், பினாயில் வாசனை நீ வருவதற்குள் போய்விடும். வேலை கிடைக்கிறவரை இரு, கிடைத்த பிறகும் இரு. நேரத்துக்குச் சாப்பிடு, அந்த அறையில் எல்லோரும் படுக்கிற தலையணையில் படுக்காதே, சொந்தத் துணியை விரித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசு கலங்காமல் வீடு வந்து சேர் என்று அம்மாவும் அப்பாவும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. வந்ததும் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, அப்பாவுக்கு இடது பக்கமாகப் போய் நின்று, அன்றைக்குக் கேட்டதையே இன்னொரு தடவை கேள். பதில் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் கேள். உன் வாயிலிருந்து அதை அவர் இன்னும் கேட்கவில்லை.

உன் கட்டைவிரலுக்கு எல்லாம் மசியாத,
உன் அம்மா